பாதை பிரிவதற்கு முப்பதடி மேலே

ஜனவரி 12

பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். எழுதுகிறேன் என்றால், வாயால் சொல்கிறேன். எழுதுகிறவர் பன்னிரண்டாம் நம்பர் வீட்டு வக்கீல் குமாஸ்தா. வேலையை விட்டு ஒன்பது வருஷம் ஆகியும் அவருக்குக் கை ஊறுகிறது. முதல் வரியிலேயே ‘மேற்படி’ என்று போடப் பார்த்தார். மேற்படியும் வேண்டாம், கீழ்ப்படியும் வேண்டாம், நான் சொல்வதைச் சொன்னபடி போடுங்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

போன் பண்ணியிருக்கலாம். ‘மீட்டிங்கில் இருக்கேன் அண்ணா’ என்று வைத்துவிடுவாய். காகிதம் அப்படி இல்லை. கிழித்துப் போட்டாலும் படித்துவிட்டுத்தான் கிழிக்க வேண்டும்.

விஷயம் இதுதான். போன வாரம் மூன்று பேர் பெயிண்ட் டப்பாவோடு வந்து, மலையடியில் இருக்கும் ஐம்பத்தெட்டு வீட்டுச் சுவரிலும் சிவப்பாக நம்பர் போட்டு வட்டம் போட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு முப்பத்தொன்று. “எதுக்குப்பா இது?” என்றேன். “உங்களையெல்லாம் மாடி வீட்டுக்கு அனுப்பப் போறாங்க பெருசு, யோகம்தான்” என்றான் பெயிண்ட் அடித்தவன். யோகம் இங்கிருந்து பதினாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதாம்.

அப்புறம் நோட்டீஸ் வந்தது. குமாஸ்தா வாசித்தார். மலையடிக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு இருபத்தொரு கிலோ விறகு வீதம் மலையிலிருந்து எடுத்து எரித்தது ஆய்வில் நிரூபணம் ஆகியிருப்பதாலும், வேலி போட்ட பிறகே மலை மீண்டதாலும், மலையைக் காக்க இந்தக் குடியிருப்பு அகற்றப்பட வேண்டியதாலும் என்று போகிறது. எந்த ஆய்வு? அடியில் உன் பெயர் போட்டிருக்கிறது. மனிதச் சூழலியல் பேராசிரியை, நீடித்த வாழ்வுக் கல்வி மையத்தின் இயக்குநர். குமாஸ்தா அதை வாசிக்கும்போது ஏதோ ஆயுள் மருந்து விற்கும் கடை என்று நினைத்தேன். கோபித்துக்கொள்ளாதே.

இருபத்தொன்று என்கிற எண் எங்கே பிறந்தது என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று நீ. இன்னொன்று தராசைப் பிடித்தவன். மார்ச் நாலாம் தேதி நகராட்சிக் கூடத்தில் ஆட்சேபம் கேட்கிறார்கள். நீ வந்து அந்த எண்ணைப் பற்றி உள்ளதைச் சொல்ல வேண்டும். வேறு எதுவும் கேட்கவில்லை.

அண்ணன்


ஜனவரி 27

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? பனிக்காலத்தில் உங்களுக்கு மூச்சு வாங்கும்.

பதினோரு வருஷம் கழித்து வந்த கடிதத்தில் என் மையத்தின் பெயரைக் கேலி செய்யாமல் உங்களால் இருக்க முடியவில்லை. பரவாயில்லை. என் மாணவர்கள் நாற்பது பேர் நடுவில் நின்று, “உங்க டீச்சர் இந்த மலையைத் தராசுல வச்சு வித்தவ” என்று நீங்கள் கத்தியதோடு ஒப்பிட்டால் இது சின்ன விஷயம்தான். அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஒருவரும் என்னிடம் பேசவில்லை. அதை நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள்.

அந்த ஆய்வு முப்பத்தொன்பது வருஷம் பழையது. அப்போது இருந்த வசதியில் செய்தது. சராசரி என்றால் எல்லா வீட்டையும் சேர்த்துப் பார்ப்பது. ஒரு வீட்டுக்காரர் வந்து ‘நான் அவ்வளவு எரிக்கவில்லை’ என்று சொன்னால் சராசரி பொய்யாகிவிடாது. இடமாற்றத்துக்கு மண்சரிவு, சாக்கடை என்று வேறு காரணங்களும் நிச்சயம் இருக்கும். என் பெயரை அதிகாரிகள் தங்கள் வசதிக்குப் பயன்படுத்தினால் நான் பொறுப்பாக முடியாது.

உங்கள் ஞாபகசக்தியை நான் குறை சொல்லவில்லை. அந்த நாளில் நான் வராத போதெல்லாம் தராசில் நிறுத்த எழுபது எண்பது விறகுச் சுமைகளின் எடையைச் சாயங்காலம் வரிசை மாறாமல் ஒப்பித்தவர் நீங்கள். என் வகுப்பில்கூட அதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஞாபகம் ஆதாரம் ஆகாது. குறிப்பேடுகள் எல்லாம் எப்போதோ செல்லரித்துப் போய்விட்டன.

நான் ஏப்ரல் முப்பதாம் தேதி ஓய்வு பெறுகிறேன். மையத்துக்கு என் பெயரை வைக்கப் போகிறார்கள். இந்தச் சமயத்தில் கூட்டத்துக்கு வந்து நிற்பது சரியாக இருக்காது. புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கை


பிப்ரவரி 6

பேராசிரியைக்கு,

உன் கடிதத்தைக் குமாஸ்தா இரண்டு தடவை வாசித்தார். சராசரி என்றால் என்ன என்று எனக்குப் புரியாது என நினைத்து விளக்கியிருக்கிறாய். எனக்கு எழுத்துத்தான் தெரியாது. முள் நிற்கிற கோடு தெரியும்.

செல்லரித்ததா? சரி, செல்லுக்கு எட்டாத இடத்திலிருந்து சொல்கிறேன். குமாஸ்தா எழுதிக்கொள்வார்.

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை ஆரம்பித்தோம். மலையிலிருந்து விறகு இறங்கும் பாதை அடிவாரத்தில் இரண்டாகப் பிரியும். இடது கை வழி நம் வீடுகளுக்கு. வலது கை வழி உன் கல்லூரி விடுதியின் பின்கேட்டுக்கு. முதலில் தராசை எங்கே மாட்டினோம்? இடது வழியில், புளியமரத்தில். முதல் சுமை நொண்டி மேஸ்திரி மனைவி, பதினொன்றரை. இரண்டாவது உன் அண்ணி, பதினான்கு. மூன்றாவது பால்காரர் மகள், எட்டு. ஈர விறகு, நீ ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தாய். நாற்பத்து நாலு வீடு. எட்டு நாள் நிறுத்தோம். எட்டாம் நாள் சாயங்காலம் நீ கூட்டிக் கழித்துவிட்டு, “அண்ணா, வீட்டுக்கு ஒன்பது கிலோதான் வருது, இவ்வளவு கம்மியா!” என்று சிரித்தாய்.

ஒன்பதாம் நாள் உன் கைடு வந்தார். வெயிலே இல்லாத நாளில் குடை. விடுதிக்கு வார்டனும் அவர்தான். நோட்டைப் புரட்டிவிட்டு, “இதுல ஆராய்ச்சி எங்கம்மா இருக்கு? தராசை மேல கொண்டு போ. எல்லாச் சுமையும் கண்ணுல படட்டும்” என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் ஆணியையும் கொக்கியையும் பிடுங்கிக்கொண்டு, பாதை பிரிவதற்கு முப்பதடி மேலே வேப்பமரத்தில் அடித்தேன். அன்றிலிருந்து விடுதிச் சமையலறைக்குப் போன விறகும் நம் கணக்கில் ஏறியது. முந்நூறு பேருக்கு மூன்று வேளை ஆக்கிய அடுப்பு அது. அத்தனையையும் நாற்பத்து நாலு வீட்டுத் தலையில் வகுத்துக் கட்டினாய். இருபத்தொன்று பிறந்தது.

அந்த விடுதியில் நாலு வருஷம் நீயும்தான் சாப்பிட்டாய் பாப்பா. உன் தட்டுக்கு வெந்த விறகையும் உன் அண்ணி எரித்ததாக எழுதியிருக்கிறாய்.

அந்த இருபத்தொன்றைக் காட்டித்தான் மலைக்கு வேலி போட்டார்கள், அந்த வருஷமே விடுதிக்கு கேஸ் அடுப்பும் வந்துவிட்டது. மலை ஏன் பச்சை பிடித்தது என்று இப்போது நீயே வகுத்துப் பார்.

அண்ணன்


பிப்ரவரி 17

அண்ணா,

இதைக் குமாஸ்தா வாசிக்க வேண்டியிருக்கிறதே என்று மூன்று நாள் எழுதாமல் இருந்தேன். வாசிக்கட்டும்.

ஆமாம். தராசு நகர்ந்தது. முதல் எட்டு நாள் பக்கங்களைச் செல் அரிக்கவில்லை, நான்தான் கிழித்தேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அந்தத் துறையில் ஒரே பெண். நம் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய ஒரே ஆள். விடுதிதான் பாதி மலையைத் தின்கிறது என்று அந்த வார்டன் கையெழுத்துப் போட வேண்டிய ஆய்விலேயே நான் எழுதியிருந்தால், மறுநாள் நானும் உங்களோடு விறகு சுமந்திருப்பேன். பட்டம் வாங்கியதும் திருத்திவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் வேலை கிடைத்தது. பிறகு அது புத்தகம் ஆயிற்று, புத்தகம் பாடம் ஆயிற்று. இருபத்து மூன்று வருஷம் அதை நானே நடத்தினேன். ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் பிள்ளைகளிடம் என்ன சொல்வேன் தெரியுமா? “அளக்கிறதுக்கு முன்னாடி, நீ எங்கே நிக்கறேன்னு பாரு.” எல்லாரும் எழுதிக்கொள்வார்கள். அதை மனமறிந்துதான் சொல்வேன். சிரிக்காதீர்கள்.

ஆனால் நீங்கள் எனக்கு நீதி சொல்லும் முன் ஒன்று கேட்கிறேன். வேலி போட்டதும் அந்த மலைக்கு முதல் காவலாளி யார்? காக்கிச் சட்டையும் விசிலும் வாங்கிக்கொண்டு பத்தொன்பது வருஷம் அந்தக் கேட்டில் நின்றது யார்? “பாப்பா, அந்த வேலைக்கு ஒரு வார்த்தை சொல்லேன்” என்று என் வீட்டு வாசலில் வந்து நின்றது நீங்கள்தான். சொன்னேன். அப்போது தராசு எங்கே தொங்கியது என்று உங்களுக்கு ஞாபகம் வரவில்லையா?

என்னோடு வந்து இருங்கள். கீழ்த்தளத்தில் ஒரு அறை காலியாக இருக்கிறது, மாடி ஏற வேண்டாம். கூட்டத்துக்கு மட்டும் போகாதீர்கள். அந்த ஆய்வு பழையது, மறுபடி பார்க்கலாம் என்று அதிகாரிக்கு நானே பதமாக ஒரு கடிதம் எழுதுகிறேன்.

தங்கை


பிப்ரவரி 24

பாப்பாவுக்கு,

நீ கேட்டதைக் குமாஸ்தா வாசித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் இங்கே குடி வந்து பன்னிரண்டு வருஷம்தான். நான் சட்டை போட்டிருந்தது அவருக்குத் தெரியாது. “இதுக்குப் பதில் போடணுமா?” என்றார். போட வேண்டும் என்றேன்.

ஞாபகம் வந்தது. தினமும் வந்தது. நாற்பத்தொரு வயதில் எனக்கு முதல் தடவையாக மாதாமாதம் சம்பளம். தைத்த சட்டை, பித்தளைப் பொத்தான். வாயைத் திறந்தால் சட்டை போய்விடும். உனக்குப் பட்டம் மாதிரி எனக்குச் சட்டை. நீ சொன்னது சரிதான்.

முதல் வாரம் திருப்பி அனுப்பியவர்களைச் சொல்லவா? நொண்டி மேஸ்திரி மனைவி, பால்காரர் மகள், பால்காரர் மகளின் மாமியார். நாலாம் நாள் உன் அண்ணி. அவள் எப்போதும்போலச் சுமையோடு இறங்கி வந்தாள். அவளை மட்டும் விட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? “கீழே போடு” என்றேன். “யார்கிட்ட பேசறே?” என்றாள். “உன்கிட்டதான், கீழே போடு.” போட்டாள். என் கால் மேல் போட்டாள். “இந்தா, நிறுத்துப் பாரு. இதையும் உன் தங்கச்சி நோட்டுல ஏத்து” என்றாள். அடுத்த வாரம் கல் உடைக்கும் ஆலைக்கு வேலைக்குப் போனாள். இருபத்தாறு வருஷம் தூசியைத் தின்றாள். எப்படிச் செத்தாள் என்று உனக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தாய். நாலு மாதம் கழித்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, அதே கேட்டில் நின்று, “மக்களிடமிருந்து மீட்கப்பட்ட மலை” என்று ஒலிபெருக்கியில் சொன்னாய். அதனால்தான் அன்றைக்குக் கத்தினேன். உன் மேல் பாதிக் கோபம். மீதியை யார் மேல் காட்டுவது?

கூட்டத்துக்குப் போவேன். ஆணியையும் சொல்வேன், சட்டையையும் சொல்வேன். உன் பதமான கடிதம் வேண்டாம். பதமாக எழுதி எழுதித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

கீழ்த்தள அறைக்கு நன்றி. இங்கே ஐம்பத்தெட்டு வீட்டுக்குக் கீழ்த்தளம் இருக்கிறதா உன்னிடம்?

அண்ணன்


மார்ச் 6

பாப்பாவுக்கு,

நீ வந்ததைப் பார்த்தேன். கடைசி வரிசை, கதவுக்குப் பக்கத்து நாற்காலி, மடியில் கைப்பை. உன்னை அங்கே வேறு யாருக்கும் தெரியவில்லை. எனக்குக் கண் மங்கல்தான். ஆனால் நீ குனிந்து உட்காருவது நம் அம்மா உட்காருவது மாதிரியே.

நீ கொஞ்சம் பிந்தி வந்தாய். முதல் பாதியைச் சொல்கிறேன். அதிகாரி சின்ன வயது, தன்மையாகத்தான் பேசினார். அந்த முதல் எட்டு நாளின் முந்நூற்று ஐம்பது சுமையை ஒப்பிக்க ஆரம்பித்தேன். பன்னிரண்டாவது சுமையில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“பெரியவரே, இதெல்லாம் எழுதி வச்சிருக்கீங்களா?”

“எழுதத் தெரிஞ்சா நான் எதுக்குத் தம்பி மனப்பாடம் பண்றேன்?”

கூடம் முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரித்துவிட்டார். பிறகு தராசைச் சொன்னேன், முப்பதடியைச் சொன்னேன், ஆணியைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. “ஆய்வு செஞ்சது பேராசிரியை. நீங்க கூலிக்கு நின்னவர். அவங்களே தப்புன்னு சொன்னாத்தான் நான் எழுத முடியும்” என்றார். “இதை ஆமோதிக்கிறவங்க யாராவது இங்க இருக்கீங்களா?” என்று கேட்டார்.

நீ பிப்ரவரியில் எழுதின கடிதம் குமாஸ்தா பையில் இருந்தது, அது தங்கை அண்ணனுக்கு எழுதினது, எங்கேயும் நீட்டக் கூடாது என்று முன்பே சொல்லிவிட்டேன். நான் திரும்பவில்லை. திரும்பினால் உன்னைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். நீயாக எழுந்திருக்க வேண்டும் என்று முதுகைக் காட்டிக்கொண்டே நின்றேன். மின்விசிறி ஓடுகிற சத்தம். யாரோ இருமினார்கள். நாற்காலி நகர்ந்தது. வந்துவிட்டாள் என்று நினைத்தேன். கதவு சாத்தின சத்தம்தான் வந்தது.

வெளியே வந்ததும் நாற்பதாம் நம்பர்க்காரி, அந்தப் பால்காரர் மகள், இப்போது அவளுக்கே அறுபது தாண்டிவிட்டது, வழியை மறித்தாள். “காக்கி போட்டுத் துரத்தினது தெரியும், வயித்துப் பாடுன்னு விட்டுட்டோம். அந்த எண்ணுக்கும் ஆணி அடிச்சது நீதானாய்யா?” ஆமாம் என்றேன். வழியை விட்டு விலகிப் போய்விட்டாள். நேற்றிலிருந்து குழாயடியில் நான் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். உண்மையைச் சொல்லி எனக்குக் கிடைத்தது இது.

அண்ணன்


மார்ச் 29

அண்ணா,

ஆட்சேபங்களைத் தள்ளுபடி செய்து பதினைந்தாம் தேதி உத்தரவு வந்ததாகப் பேப்பரில் பார்த்தேன்.

நான் எழுந்தேன். அதை நீங்கள் நம்பமாட்டீர்கள். நாற்காலி நகர்ந்தது என்று எழுதியிருந்தீர்களே, அது முன்னால் வருவதற்காக எழுந்தது. நாற்பத்தேழு பேருக்கு வழிகாட்டி முனைவர் பட்டம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அத்தனை பேரும் தங்கள் ஆய்வில் முதல் மேற்கோளாக அந்த இருபத்தொன்றைத்தான் போட்டிருக்கிறார்கள். எழுந்த பிறகுதான் அவர்கள் ஞாபகம் வந்தது. கால் கதவுப் பக்கம் போய்விட்டது.

இதோடு ஒரு வாக்குமூலம் வைத்திருக்கிறேன். எல்லாம் எழுதியிருக்கிறேன், ஒன்பது கிலோ, கிழித்த பக்கங்கள், விடுதி. கையெழுத்தும் போட்டுவிட்டேன். என் கையால் தபாலில் சேர்க்க முடியவில்லை. நீங்கள் கொடுக்க வேண்டும் என்று நினைத்தால் கொடுங்கள். வேண்டாம் என்றால் கிழித்துவிடுங்கள். எது செய்தாலும் உங்களைக் கேட்க மாட்டேன்.

தங்கை


ஏப்ரல் 3

தங்கச்சிக்கு,

நீ அனுப்பின தாளைக் குமாஸ்தா வாசித்ததும் எனக்கு மூச்சே வந்தது. “மேல்முறையீட்டுக்கு முப்பது நாள், ஏப்ரல் பதினாலு வரைக்கும் டைம் இருக்கு, ஜெயிச்சிடலாம்” என்று அந்த மனிதர் எழுந்தே நின்றுவிட்டார். அப்புறம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

கையெழுத்து இருக்கிறது. தேதி இல்லை. யாருக்கு என்றும் இல்லை. தேதியும் முகவரியும் இல்லாத தாளை ஆபீசில் வாங்கமாட்டார்களாம். வாங்கினாலும், ‘எப்போதோ எதற்கோ எழுதியது’ என்று நாளைக்கு நீயே சொல்ல இடம் இருக்கிறதாம். எனக்கு எழுதின கடிதத்தில் தேதி போட்டிருக்கிறாய். இதில் மறந்துவிட்டாயா? முப்பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு பக்கத்துக்கும் தேதி போட்டவள் நீ.

“நானே போட்டுடறேன், அதே மாதிரி மை என்கிட்ட இருக்கு, யார் கண்டா?” என்றார் குமாஸ்தா. நல்ல மனசோடுதான் சொன்னார். ஐம்பத்தெட்டு வீடு. நம்பர் போட்ட சுவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. வேண்டாம் என்றுவிட்டேன். ஒரு பொய்யை ஏற்கனவே என் கையால் மாட்டியிருக்கிறேன். அதை இறக்க இன்னொன்றை மாட்ட என்னால் முடியாது. வெளியில் தெரிந்தால் இதைச் சொல்லி என்னை அடிப்பார்கள், அடிக்கட்டும்.

நான் கொடுக்கவும் மாட்டேன், கிழிக்கவும் மாட்டேன். இரண்டில் எதைச் செய்தாலும் அது என் தலையில் விழும், அதற்குத்தான் அனுப்பியிருக்கிறாய். பதிவுத் தபாலில் உனக்கே திருப்பி அனுப்புகிறேன். தேதியைப் போடு. அதிகாரி பெயரைப் போடு. நீயே தபாலில் சேர். பதினோரு நாள் இருக்கிறது. பேனா எடுத்தால் ஒரு நிமிஷம்.

அண்ணன்


மே 22

தங்கச்சிக்கு,

பதிவுத் தபாலை நீ வாங்கிக் கையெழுத்துப் போட்ட அட்டை ஏப்ரல் ஒன்பதாம் தேதி எனக்குத் திரும்பி வந்தது. பதினாலாம் தேதி காலையிலிருந்து சாயங்காலம் அடைக்கும் வரை ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை என்றார்கள். மறுநாளும் போய்க் கேட்டேன்.

உன் விழாப் படம் பேப்பரில் வந்திருந்தது. சால்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிறாய். இளைத்துவிட்டாய்.

எங்களை இந்த மாதம் ஒன்பதாம் தேதி லாரியில் ஏற்றினார்கள். மூன்று லாரி. நாற்பதாம் நம்பர்க்காரி என் லாரியில் ஏறவில்லை, இறங்கி அடுத்ததில் ஏறிக்கொண்டாள். இங்கே எல்லாம் ஒரே மாதிரிக் கட்டடம், ஒரே மாதிரிப் படிக்கட்டு. குமாஸ்தாவுக்கு மூன்றாம் மாடி. முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறும்போது உத்தரவு போட்டவர்களை ஒவ்வொரு படிக்கும் ஒருவராகத் திட்டுகிறார். எனக்கு முதல் மாடி. சன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சன்னல். மலை எந்தப் பக்கம் என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று வீட்டுச் சீட்டு கொடுக்க ஒரு பெண் வந்தாள். என்னைக் கேட்டுக் கேட்டு எழுதினாள். வயது, பழைய வீட்டு நம்பர், எத்தனை பேர். “ஏதாவது ஆச்சுன்னா யாருக்குச் சொல்லணும் பெரியவரே?” என்றாள். யாருக்கும் வேண்டாம், அதைக் காலியாக விடம்மா என்றேன். காலியாக விட்டால் மேலே வாங்கமாட்டார்களாம், கட்டம் நிரம்ப வேண்டுமாம். நாற்பதாம் நம்பர்க்காரி பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

உன் பெயரைத்தான் சொன்னேன். அந்தப் பெண் நிமிர்ந்து, “அவங்களா? அவங்க புத்தகம் நாங்க படிச்சிருக்கோமே! உங்களுக்கு என்ன வேணும்?” என்றாள்.

தங்கச்சி என்றேன். எழுதிக்கொண்டாள். தேதியும் போட்டாள்.

அண்ணன்